மொபெட் சங்கிலியும் அளவான தொய்வும்

கிராமங்களில் மாட்டு வண்டி செய்துவந்த வேலைகளிற் பல இக்காலத்தில் மொபெட் வண்டியின்மேல் வந்து சேர்ந்திருக்கின்றன. 1980-ஆம் வருஷத்தில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பின்னர், பாற்கேன், புற்கட்டு, உர மூட்டை, காய்கறிக் கூடை முதலியன இத்தகைய வண்டிகளிலேயே பெரிதும் கொண்டுபோகப்படுகின்றன. இவ்வளவு பாரத்தையும் இழுக்கும் பலத்தை யந்திரத்திலிருந்து பின்சக்கரத்துக்குக் கொடுப்பது ஒரு சிறு சங்கிலியே. ஆயினும் பெட்ரோலைக் கவனிக்கும் குடியானவர்களிற் பலர் சங்கிலியைக் கவனிப்பதில்லை.

சங்கிலி நாளடைவில் தொய்வது இரும்பு நீள்வதனால் அன்று. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளும் அவற்றைச் சூழ்ந்த குழல்களும் தேய்வதனால் உண்டாகும் சிறு சிறு இடைவெளிகள் ஒன்றுசேர்ந்து சங்கிலியை நீளச் செய்கின்றன. வரப்புப் புழுதியும் வயற்சேறும் எண்ணெயுடன் கலந்து அரம்போல் அராவுவதால் கிராமத்து வண்டிகளில் இத்தேய்வு விரைவில் நேரிடுகிறது.

மிகவும் தொய்ந்த சங்கிலி பற்சக்கரத்தினின்று கழன்று, பின்சக்கரத்தைச் சுழலவொட்டாமல் பிடித்துவிடக்கூடும். விடியற்காலையில் பாற்கேன்களுடன் விரைபவருக்கு இது உயிராபத்தாகும். இதற்கு அஞ்சிச் சிலர் சங்கிலியை விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுகின்றனர். இதுவும் தவறே. பூட்டாங்கயிறு தளர்ந்தால் மாடு நுகத்தினின்று விலகும். இறுகினால் அதன் கழுத்தை நெரிக்கும். சங்கிலியின் நிலையும் அத்தகையதே. பாரம் ஏறிப் பின்பாகம் அமிழும்போது பின்சக்கர அச்சு சற்று இடம் மாறுவதால், சங்கிலி மேலும் இறுகுவது உண்டு. முன்னமே விறைத்திருந்தால், யந்திரத்திலும் சக்கரத்திலும் உள்ள பேரிங்குகள் கெடும். சங்கிலி அறுந்துபோகவும் கூடும். ஆகவே அளவான தொய்வு குறையன்று. அதுவே சங்கிலிக்குப் பாதுகாப்பு.

சரிசெய்யுமுன் யந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். யந்திரம் ஓடுகையில் சங்கிலியருகே கை வைத்தால் விரலை இழக்க நேரிடும். பின்பு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திக் கீழ்ப்புறச் சங்கிலியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். சாதாரணமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு போதும். எனினும் வண்டியுடன் வந்த கைப்புத்தகத்தில் வேறு அளவு குறித்திருப்பின் அதையே கொள்ளவேண்டும். சங்கிலி எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆதலால் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிகவும் இறுகிய இடத்தில் அளவு சரியாக இருக்குமாறு செய்தல் அவசியம்.

பிறகு பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இருபுறமும் உள்ள இழுப்புத் திருகுகளைச் சிறிது சிறிதாக, சம அளவில் திருப்பவேண்டும். இருபுறக் குறிகளும் ஒத்திராவிடில் சக்கரம் கோணி, பற்களும் டயரும் ஒருபுறமாகத் தேயும். அச்சு நட்டை நன்றாக முடுக்கிய பின் தொய்வை மறுபடியும் அளந்து பார்க்கவேண்டும். சக்கரம் பின்னால் நகர்ந்ததனால் பின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கக் கூடும். அதையும் சரிசெய்தல் வேண்டும். முடிவில் வழக்கமான பாரத்தை ஏற்றிப் பார்த்து, அப்போதும் சங்கிலியில் சிறிது அசைவு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நலம்.

சேற்றில் ஓடிய பின் சங்கிலியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் கியர் எண்ணெயைக் கீழ்ப்புறச் சங்கிலியின் உட்பக்கத்தில் துளித்துளியாக இட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். இழுப்புத் திருகுகள் கடைசிக் குறியை எட்டிவிட்டாலும், பற்கள் கொக்கிபோல் வளைந்துவிட்டாலும், சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம். புதுச் சங்கிலியைப் பழைய பற்களில் பூட்டினால் அதுவும் விரைவில் தேய்ந்துபோகும்.

வாரம் ஒருமுறை சில நிமிஷங்கள் இதற்கென ஒதுக்கும் குடியானவர், நடுவழியில் பாலும் காய்கறியும் பாழாவதைப் பெரிதும் தவிர்க்கலாம். தம் உயிருக்கு நேரக்கூடிய அபாயத்தையும் குறைத்துக்கொள்ளலாம்.