ஆரத்தித் தட்டில் இருக்கு சோப்பு ரகசியம்! மஞ்சள், முல்தானி மட்டியில் நிறம் கொண்டுவருவது எப்படி?

கோவை சிங்காநல்லூர் பக்கம் வீட்டிலேயே சோப்பு செய்ய நினைப்பவர்களுக்குப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பொள்ளாச்சித் தேங்காய், காங்கேயம் எண்ணெய், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் எல்லாமே பக்கத்து ஊர்ச் சரக்குதான். ஆனால், ஆசையாகக் கலந்த பீட்ரூட் சாறு மறுநாளே பழுப்பாகிவிடும்போதுதான் பலருக்கும் மனசு விட்டுப்போகிறது.

காரணம், காரம்!

அடுப்பில் கொதிக்கவைக்காமல் செய்யும் 'கோல்டு ப்ராசஸ்' முறையில் எண்ணெயைச் சோப்பாக மாற்றுவது காஸ்டிக் சோடா. அது கடுமையான காரப்பொருள். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. மஞ்சள்தூள் சேர்த்த கலவை முதலில் செம்பழுப்பாக மாறும். சோப்பு பதப்படும்போது ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு வரும். செம்பருத்தியும் பீட்ரூட்டும் காரத்தைத் தாங்காமல் பழுப்பாகிவிடும். எண்ணெயைச் சிவப்பாக்கும் வேம்பாளம் பட்டையோ, சோப்பில் ஊதா பக்கம் திரும்பும்.

மண் மாறாது

முல்தானி மட்டி, காவி போன்ற மண் வகைகளின் நிறம் பெரும்பாலும் இரும்புச் சத்தால் வருவது. காரம் அதை அசைக்காது. வெயிலிலும் எளிதில் வெளுக்காது. மஞ்சள்தான் வெளிச்சத்தில் மெல்ல மங்கும். தோட்டத்து மண்ணும், சாயம் கலந்திருக்கக்கூடிய கோலக் காவியும் வேண்டாம். அழகு சாதனங்களுக்கென விற்கும் மண்ணே நல்லது.

அளவு

அரைக் கிலோ எண்ணெய்க்கு மண் ஒரு டீஸ்பூன், மஞ்சள் அரை டீஸ்பூன் போதும். மண் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொள்ளவும். இல்லையென்றால் கட்டி தட்டும். சோப்புக் கலவை தோசை மாவுப் பதம் வந்ததும் சேர்க்க வேண்டும். மிளகாய்த்தூளும் பட்டைத்தூளும் சருமத்தில் எரிச்சல் தரும், தவிர்த்துவிடலாம்.

இதில் விளையாட வேண்டாம்

* தேங்காய் எண்ணெய் 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும்; நல்லெண்ணெய்க்கு 13 கிராம்தான். அதனால் எண்ணெய்க்கு எண்ணெய் கணக்குப் போட்டு, கொஞ்சம் குறைத்தே எடுக்கவும். கண் அளவு கூடாது, டிஜிட்டல் தராசு அவசியம்.

* தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

* அலுமினியப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர் நல்லது.

* கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யவும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. மேலே பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவவும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பும் ஏற்பாட்டைச் செய்யவும்.

பொறுமைதான் முக்கியம்

ஓரிரு நாளில் சோப்பு இறுகிவிடும். வெட்டி, நிழலில் காற்றோட்டமாக 4 முதல் 6 வாரம் வைத்தால்தான் ஈரம் வற்றி, கரையாமல் உழைக்கும். நிறமும் அப்போதுதான் நிலைக்கும். முதல் நாள் நிறத்தைப் பார்த்து 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

தெரிந்தவர்கள் கேட்கிறார்களே என்று விற்க இறங்கினால், 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். முதலில் ஒரு சின்ன அச்சில் மஞ்சள், இன்னொன்றில் முல்தானி மட்டி என்று செய்து பாருங்கள். எது நிற்கிறது, எது மங்குகிறது என்பதை உங்கள் குளியலறையே சொல்லிவிடும்.