ஏட்டில் ஏறாத பெயர்

குற்றாலச் சாரல் தென்காசி வரை வீசிய ஆனி மாதத்தில், அப்பகுதி நெசவாளர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தோம். தாயார் தார் சுற்ற, மகள் நெய்துகொண்டிருந்தார். தகப்பனார் ஈராண்டாக நோய்ப்படுக்கையில். ஆயினும் சங்க ஏட்டில் அவர் பெயர் மட்டுமே உண்டு. மகள் கேட்ட கடனுக்கு, ‘அங்கத்தினர் அல்லர்’ என்பதே விடையாயிற்று.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கைத்தறித் தொழிலாளரில் 100-க்கு 72 பேர் பெண்கள்.

நிலத்தைப் பொறுத்தமட்டில் சட்டம் முந்திவிட்டது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் மணமாகாத மகளுக்கு இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. 2005இல் மத்தியச் சட்டம் மணமான மகளுக்கும் அளித்தது. சங்க ஏடு பின்தங்கலாமா?

பெண்ணுரிமை மேடைப் பேச்சன்று; உழைப்பவர் பெயரில் பங்கும் கூலியும் வாக்கும் இருத்தலேயாம். அடுத்த மகாசபைக்கு முன்னரே, அங்கத்தினர்கள் தம் இல்லத்துப் பெண்டிர் பெயரிலும் விண்ணப்பம் அளிப்பார்களாக!