தாரீன் முதல் ஜித்தா வரை: இப்னு சஊதும் பிரித்தானியப் பேரரசும் செய்துகொண்ட இரு உடன்படிக்கைகள் (1915, 1927)

ஆய்வுச் சுருக்கம்

நஜ்தின் ஆட்சியாளர் அப்துல் அஸீஸ் இப்னு சஊத், பிரித்தானியப் பேரரசுடன் 1915ஆம் ஆண்டு தாரீனிலும் 1927ஆம் ஆண்டு ஜித்தாவிலும் உடன்படிக்கை செய்துகொண்டார். இவ்விரண்டின் உறுப்புகளையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. முதல் உடன்படிக்கை அவருக்கு ஏற்பை வழங்கி அயலுறவு உரிமையைப் பெற்றுக்கொண்டது என்பதும், இரண்டாவது அவ்வுரிமையைத் திருப்பித் தந்தபோதிலும் சில சிக்கல்களைத் தீர்க்காமல் விட்டது என்பதும் இதில் விளக்கப்படுகின்றன.

முன்னுரை

1902ஆம் ஆண்டு ரியாத் நகரைக் கைப்பற்றிய இப்னு சஊத், 1913ஆம் ஆண்டு உதுமானியரிடமிருந்து அல்-ஹஸா பகுதியைக் கைக்கொண்டு பாரசீக வளைகுடாக் கரையை அடைந்தார். கடற்கரை கைக்கு வந்தமையால் வளைகுடாவில் மேலாதிக்கம் செலுத்திய பிரித்தானியரின் அண்டையராகவும் அவர் ஆனார். அவர்களது நட்பைப் பெற அவர் பன்முறை முயன்றும் போருக்கு முன்னர் அது கைகூடவில்லை. உதுமானியப் பேரரசைப் பகைத்துக்கொள்ள விரும்பாத பிரித்தானியா, 1913ஆம் ஆண்டு அப்பேரரசுடன் செய்த ஒப்பந்தத்தில் நஜ்தை உதுமானிய நிலப்பகுதியாகவே கருதியது. இந்நிலையில், 1914ஆம் ஆண்டு மே மாதம் இப்னு சஊத் உதுமானியருடன் உடன்பாடு கண்டு, நஜ்தின் வாலி என்னும் பதவியை ஏற்றார்.

போர் மாற்றிய நிலை

1914ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியாவுக்கும் உதுமானியருக்கும் போர் மூண்டவுடன் நிலைமை தலைகீழாயிற்று. அதுவரை விலக்கிவைக்கப்பட்டவர் தேவைப்படுபவரானார். குவைத்தில் அரசியல் முகவராகப் பணியாற்றியிருந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் அவரிடம் அனுப்பப்பட்டார். உடன்படிக்கையின் முன்வரைவு குறித்த பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், 1915ஆம் ஆண்டு ஜனவரியில், ரஷீதிகளுக்கு எதிரான ஜர்ராப் போரில் ஷேக்ஸ்பியர் உயிரிழந்தார். இதனால் பேச்சுவார்த்தை பல மாதங்கள் நீண்டது. இறுதியில் 1915 டிசம்பர் 26 அன்று, கத்தீஃபை அடுத்த தாரீனில், சர் பெர்சி காக்ஸும் இப்னு சஊதும் கையொப்பமிட்டனர். வளைகுடா அலுவல்கள் அன்று இந்திய அரசின் பொறுப்பில் இருந்தமையால், 1916 ஜூலையில் சிம்லாவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு இதற்கு ஏற்புறுதி அளித்தார்.

தாரீன் உடன்படிக்கை: பெற்றதும் இழந்ததும்

ஏழு உறுப்புகளைக் கொண்ட இவ்வுடன்படிக்கையின் முதல் உறுப்பு நஜ்த், அல்-ஹஸா, கத்தீஃப், ஜுபைல் ஆகியவற்றை இப்னு சஊதுக்கும் அவர் முன்னோர்க்கும் உரிய நாடுகள் என ஏற்கிறது. அவரைச் சுதந்திர ஆட்சியாளர் என்றும் குறிப்பிடுகிறது. ஆயின், அவருக்குப் பின் ஆட்சிக்கு வருபவர் பிரித்தானிய அரசுக்குப் பகையானவராக இருத்தல் கூடாது என்னும் நிபந்தனையும் அதே உறுப்பில் இடம்பெறுகிறது.

இரண்டாம் உறுப்பு, அயல்நாட்டுத் தாக்குதல் நேர்ந்தால் பிரித்தானியா உதவும் என்கிறது. எவ்வளவு உதவி, எவ்வகையில் உதவி என்பதை இப்னு சஊதுடன் கலந்துபேசிய பின் பிரித்தானியாவே முடிவு செய்யும். மூன்றாம் உறுப்பின்படி அவர் வேறெந்த அயல்நாட்டுடனும் கடிதப் போக்குவரத்தோ உடன்படிக்கையோ வைத்துக்கொள்ள இயலாது. நான்காம் உறுப்பின்படி பிரித்தானிய இசைவின்றித் தம் நிலத்தை அயல்நாட்டாருக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ அடகு வைக்கவோ இயலாது. ஐந்தாம் உறுப்பு ஹஜ் பயணிகளின் வழியைப் பாதுகாக்கவும், ஆறாம் உறுப்பு குவைத், பஹ்ரைன், கத்தர், ஓமன் கரைத் தலைவர்களின் பகுதிகளில் தலையிடாதிருக்கவும் அவரைக் கட்டுப்படுத்தின.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவர் கட்டுப்பட்ட கடமைகள் தெளிவான சொற்களில் வரையறுக்கப்பட்டன; அவருக்கு வாக்களிக்கப்பட்ட உதவி அளவு சுட்டப்படாமல் விடப்பட்டது. எனினும் இது வெறும் பணிவு அன்று. உதுமானியர், ரஷீதிகள், ஹிஜாஸின் ஷரீஃப் ஹுசைன் ஆகியோருக்கிடையில் நின்ற அவருக்கு ஒரு பேரரசின் எழுத்துவழி ஏற்பு முதன்முறையாகக் கிட்டியது. 1917 முதல் மாதந்தோறும் 5,000 பவுண்டு உதவித்தொகையும் கிடைத்தது. ஆயினும் அதே காலத்தில் கெய்ரோ அலுவலர்களின் ஆதரவைப் பெற்ற ஹுசைனுக்கு இதனினும் பன்மடங்கு தொகை சென்றது. ஒரே பேரரசின் இரு கிளைகள் ஒன்றுக்கொன்று போட்டியான இரு அரபுத் தலைவர்களை ஆதரித்தன என்பது இதனால் புலனாகிறது.

ஜித்தா உடன்படிக்கை

உதவித்தொகை 1924ஆம் ஆண்டு நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் இப்னு சஊதின் படைகள் மக்காவுக்குள் நுழைந்தன. 1925 டிசம்பரில் ஜித்தா பணிந்தது. 1926 ஜனவரியில் அவர் ஹிஜாஸின் மன்னரானார். அடுத்த மாதமே சோவியத் ஒன்றியம் அவரை ஏற்றது. அயலுறவைத் தடுத்த தாரீன் உறுப்பு நடைமுறையில் பொருளிழந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

1926ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த முதற்கட்டப் பேச்சு உடன்பாட்டை எட்டவில்லை. பின்னர் சர் கில்பர்ட் கிளேட்டன் அனுப்பப்பட்டார். 1927 மே 20 அன்று அவரும் இளவரசர் ஃபைசலும் ஜித்தாவில் கையொப்பமிட்டனர். மன்னரது ஆட்சிப் பகுதிகளின் முழுமையான சுதந்திரத்தை நிபந்தனையின்றி ஏற்ற இவ்வுடன்படிக்கை, 1915ஆம் ஆண்டின் உடன்படிக்கையையும் நீக்கியது. வாரிசு குறித்த நிபந்தனையும் அயலுறவுத் தடையும் இதில் இல்லை. இந்தியா உள்ளிட்ட பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளின் முஸ்லிம் பயணிகள் பிற பயணிகளுக்கு இணையாக நடத்தப்படுவர் என்னும் உறுதி அளிக்கப்பட்டது. பயணத்தில் இறப்போரின் உடைமைகள் குறித்தும் தனி உறுப்பு அமைந்தது.

தீராமல் நின்றவை

உடன்பாடு காணாத செய்திகள் உடன்படிக்கைக்குள் வராமல், இணைப்புக் கடிதங்களுக்குச் சென்றன. அகபா, மஆன் பகுதிகளை டிரான்ஸ்ஜோர்டானுக்குரியவை எனப் பிரித்தானியா கருதியது. மன்னர் அதை ஏற்கவில்லை. இறுதித் தீர்வு வரும்வரை அன்றைய நிலையைக் குலைப்பதில்லை என்று மட்டும் இசைந்தார். அடைக்கலம் தேடி வரும் அடிமைகளை விடுவிக்கும் பிரித்தானியத் தூதரகத்தின் வழக்கமும் மன்னருக்கு உவப்பானதாக இல்லை. தம் ஆட்சி உரிமையில் அயலார் தலையிடுவதாக அவர் அதைக் கருதினார். பிரித்தானியாவோ அதை விட்டுக்கொடுக்க மறுத்தது. 1936ஆம் ஆண்டு அடிமை வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மன்னர் வெளியிட்ட பின்னரே பிரித்தானியா அவ்வுரிமையைக் கைவிட்டது. ஒரு நாட்டின் முழு இறைமைக்குத் தடையாக நின்ற அதே வழக்கம், தப்பி வந்த அடிமைக்கு விடுதலைக்கான வாயிலாகவும் இருந்தது. இம்முரணைக் கருதாமல் ஜித்தா உடன்படிக்கையைச் சுதந்திரத்தின் வெற்றியாக மட்டும் மதிப்பிடுதல் நிறைவுடையதாகாது.

முடிவுரை

தாரீனில் ‘சுதந்திர ஆட்சியாளர்’ என்னும் சொல்லுக்கு விலையாக அயலுறவு உரிமை பெறப்பட்டது. ஜித்தாவில் அதே சொல் விலையின்றிக் கிடைத்தமைக்குக் காரணம் பேரரசின் பரிவு அன்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியிருந்த களநிலையே. பேச்சுவார்த்தை மேசையில் புதிதாக எதுவும் உருவாகவில்லை. களத்தில் நிலைபெற்றது அங்கு எழுத்து வடிவம் பெற்றது. ஆகவே உடன்படிக்கை ஒன்றைப் பயில்வோர் அதன் உறுப்புகளுடன் இணைப்புக் கடிதங்களையும் சேர்த்து நோக்குதல் இன்றியமையாதது. ஒப்புக்கொள்ளப்பட்டவை உறுப்புகளிலும், ஒத்திவைக்கப்பட்டவை கடிதங்களிலும் பதிவாகியுள்ளன.