ஒரு பூச்சி, இரு கோலம்

பாப்பாரப்பட்டியைச் சூழ்ந்த புன்செய்க் காடுகளில் மாலைப்பொழுதில் உலவுவோர், புதரடியில் தாழப் பறந்து சருகின்மேல் அமரும் சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளைக் காணலாம். மைக்காலிசிஸ் என்னும் பேரினத்தைச் சார்ந்தவையும் அவற்றுள் உண்டு.

மழைக்காலத்தில் பிறந்தவற்றின் சிறகடியில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாக விளங்கும். வறட்சிக் காலத்தில் பிறந்தவற்றில் அவை சிறுத்து மங்கிவிடும். இவ்வேற்றுமையால் மயங்கிய அறிஞர் சிலர் ஓரினத்தையே ஈரினமாகக் கொண்டு பெயரிட்டனர். கல்கத்தாவில் ஆராய்ந்த லயனல் டி நிசேவில், பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்து, அவை பருவ வடிவங்களே என்பதை 1886-இல் விளக்கினார்.

இம்மாற்றம் வீணன்று. மழைக்காலத்தில் சுறுசுறுப்பாகத் திரியும் பூச்சியைப் பறவை கொத்த வரின், சிறகோரத்துக் கண் அக்கொத்தலைத் தன்பால் ஈர்த்து உடலைக் காக்கும். வறண்ட காலத்திலோ, சருகோடு சருகாய் அசையாதிருத்தலே காவல். அப்போது பெரிய கண்கள் பூச்சியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகையால், மாணவர்களே! புள்ளி குறைந்த பூச்சியைக் கண்டதும் அரிய இனம் கிடைத்ததென வலை வீசவேண்டா. ஆண்பூச்சியின் சிறகிலுள்ள மயிர்க்கற்றையைப் போன்ற, பருவத்தால் மாறாத அடையாளங்களை முதலில் நோக்குக. உண்மையிலேயே அரியதாயின், அதனைக் கொல்லுதல் பெருந்தவறு. அரிய வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது.

படம் எடுங்கள்; நாள், இடம், அமர்ந்த செடி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஓராண்டுக் குறிப்பேடு, ஒரு பெட்டிப் பூச்சிகளினும் மிகுதியாகக் கற்பிக்கும்.