க்ஷயரோகமும் குடிக்கூலியும்

க்ஷயரோகம் ஒரு நுண்ணிய கிருமியினால் உண்டாவதென்று ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் காக் 1882-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி அறிவித்தார். கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று, அது செழித்து வளரும் வீட்டை என்ன செய்வது? இக்கேள்விக்கு நியூயார்க் நகரம் அளித்த விடையை, நகரசபைகளில் ஊழியம் செய்ய விரும்பும் நமது நேயர்கள் கவனிக்க வேண்டுமென்று கருதுகிறோம்.

அந்நகரத்தின் தென்கிழக்குப் பகுதியில், செர்ரி வீதியை அடுத்திருந்த ஒண்டுக்குடித்தன வீடுகளின் தொகுதிக்கு 'நுரையீரல் வட்டாரம்' என்றே பெயர் வழங்கிற்று. அங்கே ஏறக்குறைய 4,000 பேர் வசித்தனர். ஒன்பது வருஷங்களில் 265 க்ஷய நோயாளிகள் அங்கிருந்து சுகாதார இலாகாவின் கணக்கில் ஏறினார்கள் என்று எர்னஸ்ட் பூல் என்னும் எழுத்தாளர் 1903-இல் வெளியிட்டார். கணக்கில் ஏறாதவர் எத்தனை பேரோ! உள்ளறைகள் பலவற்றிற்கு ஜன்னலே கிடையாது. வெயில் கிருமியைக் கொல்லும். காற்று அதைக் கலைத்துவிடும். இரண்டுமற்ற அறையில் ஒருவன் இருமினால், அவனோடு உறங்கும் மனைவி மக்கள் அந்தக் காற்றையே இரவெல்லாம் சுவாசித்தாக வேண்டும். அவ்வறைகளிலேயே ஏழைகள் துணி தைத்தார்கள், சுருட்டும் சுற்றினார்கள்.

இத்தகைய வீடுகளில் சுருட்டுத் தொழில் கூடாதென்று 1884-இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அது தொழிலாளியின் சுதந்திரத்திற்கும் சொத்துரிமைக்கும் விரோதமென்று அந்த ராஜ்யத்தின் அப்பீல் கோர்ட்டு 1885-இல் தள்ளிவிட்டது. இல்லத்தின் புனிதத்தைப்பற்றியும் நியாயாதிபதிகள் பேசினார்கள். நாமும் சட்டம் படித்தவர்களே. புகையிலைத் தூசுக்கு நடுவே குழந்தை உறங்கும் அறையில் அவர்கள் எந்தப் புனிதத்தைக் கண்டார்களென்பது நமக்கு விளங்கவில்லை.

சுகாதார இலாகாவில் ஹெர்மன் பிக்ஸ் என்ற வைத்தியர் இருந்தார். கோழையை இலவசமாகப் பரீட்சிக்க ஏற்பாடு செய்தார். க்ஷய நோயாளி ஒவ்வொருவரையும்பற்றி வைத்தியர்கள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1897-இல் கட்டாயமாயிற்று. நோயாளியின் ரகசியம் வெளியாகிறதென்று வைத்தியர்கள் கூச்சலிட்டார்கள், பிக்ஸ் அசையவில்லை. அவரை நாம் குறைகூறவில்லை. ஆனால், 1903 முதல், சொற்கேளாத நோயாளிகளைப் பலவந்தமாக ஒரு தீவிலுள்ள ஆஸ்பத்திரியில் வைக்கவும் தொடங்கினார்கள். அங்கு போனவர்கள் ஏழைகளென்று சொல்லவும் வேண்டுமோ? இருட்டறைக்குக் குடிக்கூலி வாங்கியவர் எந்தத் தீவுக்கும் போகவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர்மேல் சட்டம் கைவைத்தது 1901-இல். ஜன்னல் வை, கக்கூஸ் கட்டு என்று அது உத்தரவிட்டது. முற்றத்துப் பழைய கக்கூஸை மாற்றச் சொன்னதை எதிர்த்து ஒரு வீட்டுக்காரி தலைமைக் கோர்ட்டு வரையில் வழக்காடி, 1906-இல் தோற்றாள். இருபது வருஷங்களில் நியாயஸ்தலங்களின் மனம் இவ்வளவு தூரம் நகர்ந்ததற்கு, ஓயாமல் எழுதியும் பேசியும் வந்த சீர்திருத்தக்காரர்களும் ஒரு காரணம்.

நுரையீரல் வட்டாரத்தை இடித்துப் பூந்தோட்டமாக்க வேண்டுமென்று பூல் முதலியோர் செய்த கிளர்ச்சி பலிக்கவில்லை. முப்பது வருஷம் கழித்தே அது இடிபட்டது. சர்க்கார் கடனுதவியுடன் 1934-இல் அங்கே நிக்கர்பாக்கர் வில்லேஜ் என்ற காற்றோட்டமான பெரிய குடியிருப்பு எழுந்தது. அதன் வாடகையைப் பழைய குடிகள் கொடுக்க முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் மூட்டை முடிச்சுகளுடன் மறுபடியும் வேறு பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.