முதியோரின் டயப்பர்ப் புண்: காரணமும் தடுப்பு முறைகளும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், நடமாட்டம் உள்ளவர்களுக்கே இவற்றின் பயன் முழுமையாகக் கிட்டுகிறது. வீட்டின் உள்ளறையில் கட்டிலே கதியாகக் கிடக்கும் முதியவரின் நலமும் ஊர் நலத்தில் அடங்கியதே என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அகில இந்திய அளவில் இது 8.6. முதியோர் பெருகப் பெருக, பக்கவாதத்தினாலும் இடுப்பு முறிவினாலும் மறதி நோயினாலும் படுக்கையில் விழுவோரும் பெருகுவர். அவர்களுள் பலருக்குச் சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமற் போகிறது.

தென்காசி மாவட்டத்துச் சுந்தரபாண்டியபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் இவ்வூர் வயல்களில் சூரியகாந்தி பூத்து நிற்கும் காட்சியைக் காண அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஆனால் வயல் பூத்திருக்கும் காலம், வீட்டில் ஆள் இல்லாத காலமும் ஆகும். மகன் வயலுக்கும் மருமகள் கூலி வேலைக்கும் காலையில் சென்றால், திரும்புவது மாலையில்தான். காலையில் கட்டிவிட்ட டயப்பருடனேயே ஆச்சியோ தாத்தாவோ பகல் முழுதும் கிடக்க நேரிடுகிறது. அதனுடன் குற்றாலச் சாரலின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. இத்தகைய வீடுகளில்தான் டயப்பர்ப் புண் தோன்றுகிறது. சொல்லக் கூச்சப்பட்டு முதியவரும், கேட்கக் கூச்சப்பட்டு வீட்டாரும் இருந்துவிடுவதால் அது முற்றிப் போகிறது. முற்றிய புண்ணின் வழியே கிருமிகள் உடலுட் புகுந்து உயிருக்கே ஊறு விளைவிப்பதும் உண்டு. ஆகவே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நம் கடமையாகும்.

புண் ஏன் உண்டாகிறது?

நம் தோல் இயற்கையில் சற்றே அமிலத் தன்மை உடையது. அத்தன்மையே கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் வேலியாக விளங்குகிறது. டயப்பருக்குள் சிறுநீர் நெடுநேரம் தேங்கினால், அதிலுள்ள யூரியாவை நுண்கிருமிகள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதனால் தோலின் அமிலத் தன்மை குன்றிக் காரத் தன்மை ஏறுகிறது. மலமும் சேர்ந்துவிட்டால், அதிலுள்ள செரிமானப் பொருள்கள் இக்காரத் தன்மையில் வேகம் பெற்றுத் தோலையே அரிக்கின்றன. நெடுநேரம் நீரில் ஊறிய கைவிரல்கள் வெளுத்துச் சுருங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோல் ஊறிய தோல், டயப்பரின் சிறு உராய்வைக்கூடத் தாங்காமல் உரிந்துவிடுகிறது.

இந்நிலையில் நுழைவதே கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைக் காளான். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டுக்கு இது தூரத்து உறவு. நலமுள்ளவரின் வாயிலும் குடலிலுங்கூட இது சிறு அளவில் வாழ்கிறது. அங்கே தீங்கு செய்வதில்லை. ஆனால் வெதுவெதுப்பும் ஈரமும் காற்றோட்டமின்மையும் ஒருங்கே அமைந்தால் விரைந்து பெருகிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நெடுநாள் உட்கொள்வோருக்கும், ஸ்டீராய்டு மருந்து எடுப்போருக்கும் இந்நோய் எளிதில் பற்றும்.

விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. சாரல் விடாது அடித்து, வெங்காயப் பாத்தியில் நீர் தேங்கி, இலைகளில் ஈரம் காயாதிருந்தால் பயிரைக் காளான் நோய் தாக்குவதை அவர்கள் அறிவர். வடிகால் வெட்டாமல் மருந்து மட்டும் தெளித்தால் பயனில்லை என்பதையும் அறிவர். முதியவரின் தோலுக்கும் இதே விதிதான்: முதலில் ஈரத்தை நீக்க வேண்டும், மருந்து அதன் பின்னரே.

எரிச்சலா, காளானா?

இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம். வெறும் எரிச்சலாயின், டயப்பர் உராயும் மேடான இடங்களில் தோல் சிவந்து காணும், தொட்டால் எரியும், தொடை மடிப்பின் உட்புறம் பெரும்பாலும் தப்பியிருக்கும். காளானாயின், தொடையிடுக்கிலும் மடிப்புகளின் உள்ளேயும் அடர்சிவப்பாகப் படரும், படையின் ஓரத்திற்கு அப்பால் சிறு சிறு சிவந்த பருக்கள் சிதறிக் கிடக்கும், அரிப்பு மிகும். இவ்வாறு சிதறிய பருக்களே காளானுக்கு முக்கிய அடையாளம். கருத்த மேனியில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. தோல் மேலும் கருத்தோ ஊதா நிறமாகவோ தோன்றலாம். ஆகையால் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதும், முதியவரிடமே கேட்பதும் தேவை.

வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் போன்ற எலும்பு துருத்திய இடங்களில் காணும் புண் வேறு வகை; அது அழுத்தத்தால் வரும் படுக்கைப் புண். அதற்கு இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதே முதற் காப்பு.

அன்றாடம் செய்ய வேண்டியவை

1. இரண்டு மூன்று மணிக்கொரு முறை டயப்பரைப் பார்த்தல் வேண்டும். மலம் கழிந்திருப்பின் அக்கணமே மாற்ற வேண்டும். டயப்பரினுள் நீரை உறிஞ்சிக் கூழாகும் ஒரு வகைத் தூள் இருப்பதால் மேற்பரப்பு உலர்ந்தாற்போல் தோன்றும். அதை நம்பிக் காலம் கடத்தலாகாது.

2. வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பருத்தித் துணியும் கொண்டு துடைக்க வேண்டும். சோப்பு வேண்டுமாயின் காரமற்ற வகையைச் சிறிதளவு பயன்படுத்தி நன்றாக அலசிவிட வேண்டும். தேய்த்தல் கூடாது. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். இன்றேல் மலக் கிருமிகள் சிறுநீர்ப் பாதையை அடையும்.

3. துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மடிப்புகளை விரித்துச் சற்று நேரம் காற்றாட விட வேண்டும். கட்டிலில் நீர் புகாத விரிப்பையும் அதன்மேல் பருத்தித் துணியையும் விரித்து, நாளில் சில தடவையேனும் டயப்பரின்றிப் படுக்க வைத்தல் நன்று.

4. உலர்ந்த தோலின்மீது துத்தநாக ஆக்ஸைடு களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லிதாகப் பூச வேண்டும். ஈரம் தோலைத் தொடாதபடி இது திரைபோல் நிற்கும். அடுத்த முறை அழுக்கடைந்த மேற்பூச்சை மட்டும் துடைத்தால் போதும். முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை.

5. இடுப்பளவிற்கு ஏற்ற டயப்பரையே வாங்க வேண்டும். இறுக்கமானது தோலை வெட்டும், தளர்ந்தது கசியும்.

6. எழுந்து அமர இயலும் முதியவரைக் குறித்த நேரங்களில் கழிப்பிடத்திற்கோ, கட்டிலருகே வைத்த மல நாற்காலிக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். ஆண்களுக்குச் சிறுநீர்க் குடுவை போதுமானது. பகலில் இம்முறையும் இரவிலும் பயணத்திலும் டயப்பரும் என்று வகுத்துக்கொண்டால் தோலும் பிழைக்கும், செலவும் குறையும்.

7. தொடுமுன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். “ஆச்சி, துணி மாற்றட்டுமா?” என்ற ஒரு சொல்லில் அவருடைய மானம் காக்கப்படுகிறது. அயலார் முன்னிலையில் மாற்றுதலும், அதைப் பற்றிப் பேசுதலும் தகாது. மாற்றுமுன்னும் மாற்றிய பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

செய்யத் தகாதவை

டயப்பர் நனையாதிருக்க வேண்டுமென்று குடிநீரைக் குறைப்பது பெருந்தவறு. நீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு எரிச்சலைக் கூட்டும். மலச்சிக்கலும் சிறுநீர்ப் பாதை நோயும் தொடரும். வாசனைப் பவுடர் தூவுவதும் வேண்டாம்; அது ஈரத்துடன் கலந்து மடிப்புகளில் கட்டியாகி உராயும். கிருமிநாசினித் திரவங்களைப் புண்ணில் ஊற்றுதல், ஒரு டயப்பருக்குள் மற்றொன்றைச் செருகுதல், நனைந்ததைக் காயவைத்து மீண்டும் கட்டுதல் ஆகியவையும் விலக்கத்தக்கவை.

மருந்து பற்றி

காளான் என்று தெரிந்தால் கிளாட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பை மருத்துவர் கூறியவாறு பூச வேண்டும். வழக்கமாக நாளொன்றுக்கு இரு முறை, ஏறத்தாழ இரண்டு வாரம் பூசுவர். முதலில் இதைப் பூசி, அதன்மேல் காப்புக் களிம்பைப் பூச வேண்டும். சிவப்பு மறைந்தவுடன் மருந்தை நிறுத்திவிட்டால் காளான் திரும்ப வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடையில் கேட்டால் கிடைக்கும் சில கலப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. அரிப்பு ஒரே நாளில் தணிவதால் மக்கள் அவற்றைப் பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் அவை காளானை அடக்குவதுபோல் காட்டி உள்ளே வளரவிடுகின்றன, தோலையும் மெலிவிக்கின்றன. இக்காரணத்தால் 2018-ஆம் ஆண்டு இந்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது.

காளானை அழிக்கும் மருந்துகளுள் முன்னோடியான நிஸ்டாடின் மண்ணிலிருந்து கிடைத்ததென்பதை அறிந்தால் விவசாயிகள் மகிழ்வர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், வர்ஜீனியாவில் ஒரு பால்பண்ணையின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1950-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர்.

சில நாட்களில் புண் தணியாவிடினும், தோல் கிழிந்து நீரோ சீழோ வடியினும், காய்ச்சலோ துர்நாற்றமோ காணினும் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ தென்காசி அரசு மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவராயின் இன்னும் விரைவு வேண்டும். காளான் அடிக்கடி திரும்பினால் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பரிசோதிப்பது நலம்.

சாரல் காலத்தில்

துணி அணையாடை பயன்படுத்துவோர் ஆனி முதல் ஆவணி வரை தனிக் கவனம் செலுத்த வேண்டும். வெயிலின்றி அரைகுறையாக உலர்ந்த துணியைக் கட்டுவது காளானுக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். சோப்பு நுரை தங்காமல் அலசி, காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் உலர்த்தி, பின்னர் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பயன்படுத்த வேண்டும். இதற்காக மற்றக் காலங்களைவிட இரு மடங்கு துணிகளை வைத்துக்கொள்ளுதல் நலம்.

ஊராட்சியின் பங்கு

இது ஒவ்வொரு குடும்பத்தின் சொந்த விஷயமன்றோ என்று சிலர் கருதலாம். அண்டை மாநிலத்தின் அனுபவம் வேறு பாடம் புகட்டுகிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சேவை, தன்னார்வத் தொண்டர்களால் ஊர் ஊராகப் பரவிற்று. 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்து, வீடு தேடிச் செல்லும் செவிலியர் பணியில் உள்ளாட்சி அமைப்புகளை ஈடுபடுத்தியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளுடன் இயன்முறை மருத்துவத்தையும் நோய்த்தணிப்புச் சேவையையும் இல்லத்திற்கே கொண்டு செல்ல வகுக்கப்பெற்றது.

ஊராட்சி அங்கத்தினர்கள் நான்கு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, தத்தம் வார்டில் படுக்கையில் இருப்போர் யார் யார் என்று கணக்கெடுத்து, சுகாதாரச் செவிலியரிடம் பட்டியல் அளித்தல். இரண்டாவது, மல நாற்காலி, படுக்கைக் கலம், நீர் புகாத விரிப்பு ஆகியவற்றை நன்கொடையாகப் பெற்று, தேவைப்படும் வீடுகளுக்கு இரவல் தர ஏற்பாடு செய்தல். மூன்றாவது, மகளிர் சுய உதவிக் குழுவினரின் துணையுடன் நண்பகல் முறைப்பணி அமைத்தல். வயல் வேலைக் காலத்தில் நண்பகலில் ஒருவர் சென்று ஒரு முறை மாற்றிவிட்டாலே முதியவர் பத்து மணி நேரம் ஈரத்திற் கிடப்பது பாதியாகக் குறையும். இப்பணிக்கு ஒரு சிறு ஊதியம் அளிப்பதும் நியாயமே.

நான்காவது, கழித்த டயப்பர்களை முறையாக அகற்றுதல். இவற்றைக் குளத்திலும் வாய்க்காலிலும் வீசினால் நீர் கெடும். தெருவோரம் போட்டால் நாய்கள் இழுத்துச் சிதறடிக்கும். வீட்டருகே எரித்தால் பிளாஸ்டிக் புகை நஞ்சாகும். மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டிச் செய்தித்தாளில் பொதிந்து தனியே ஒப்படைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் இவ்வாறு பொதிந்து தருமாறே கூறின. வெறுங்கையால் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு நாம் செய்யும் மரியாதையும் இதுவே.

இத்தனைக்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நேரந்தவறாத கவனமும், கூச்சத்தை விலக்கிய பேச்சும், அண்டை வீட்டாரின் ஒத்துழைப்புமே வேண்டுவன. ஒரு காலத்தில் இந்நிலங்களை உழுது நமக்குச் சோறிட்ட கைகள் இன்று கட்டிலில் ஓய்ந்து கிடக்கின்றன. அவர்களுடைய மேனி உலர்ந்து, உறக்கம் அமைதியாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது நம் வீட்டின் பொறுப்பு; ஊரின் பொறுப்பும் ஆகும்.