கணிப்பொறியைத் துயில் எழுப்புவது யார்?

பள்ளிக் கணிப்பொறி அறையில் பொத்தானை அழுத்துகிறீர்கள். விளக்கு எரிகிறது; விசிறி சுழல்கிறது; சில வினாடிகளில் திரையில் படம் தோன்றிவிடுகிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

கணிப்பொறி தானாக எதையும் செய்யாது, ஆணைத்தொடர் சொன்னபடிதான் செய்யும் என்று படித்திருப்பீர்கள். அந்த ஆணைத்தொடர் ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்து நினைவகத்துக்குக் கொண்டுவந்தால்தான் மையச் செயலகம் அதை நிறைவேற்ற முடியும். ஆனால் டிஸ்க்கிலிருந்து படிப்பதும் ஒரு வேலைதானே? அந்த வேலைக்கும் ஓர் ஆணைத்தொடர் வேண்டுமல்லவா? அதுவும் டிஸ்க்கிலேயே இருந்தால் அதை யார் போய்க் கொண்டுவருவது? நினைவகமோ மின்சாரம் நின்றவுடன் துடைத்த கரும்பலகை ஆகிவிடுகிறது. அதில் ஓர் எழுத்துகூட மிச்சம் இராது.

கிராமத்து அடிபம்பைப் பார்த்திருக்கிறீர்களா? பல நாள் சும்மா கிடந்து வறண்டுபோன பம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அடியுங்கள். உள்ளிருக்கும் தோல் வாசர் நனைந்து விரிந்து, காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். கீழேயுள்ள தண்ணீர் மேலேறும். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும்! கணிப்பொறியின் சங்கடமும் இதுவே. அதற்கு அந்த முதல் சொம்பை ஊற்றுவது யார்?

ஆங்கிலேயர்கள் நடக்காத காரியத்தைக் கேலி செய்யும்போது, பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வதுபோல என்பார்கள். நம் ஊரில் 'தன் தோளில் தானே ஏறுவது' என்போமே, அதுபோல. அந்த வாருக்குப் பெயர் பூட்ஸ்டிராப். கணிப்பொறி விழித்தெழும் செயலுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அதுதான் சுருங்கி 'பூட்' ஆயிற்று.

31 ஆணைகள்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'எட்சாக்' என்ற கணிப்பொறி 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் தன் முதல் கணக்கைச் செய்தது. அதற்கு வேண்டிய ஆணைத்தொடர்களைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுத்தார்கள். நாடாவைப் படிக்கச் சொல்வது யார்? டேவிட் வீலர் என்ற 22 வயது ஆராய்ச்சி மாணவர் இதற்கென 31 ஆணைகளை மட்டும் எழுதினார். டெலிபோன் நிலையங்களில் அக்காலத்தில் பயன்பட்ட சுழல் சுவிட்சுகளில் அந்த 31 ஆணைகளும் கம்பி இணைப்புகளாகவே அமைக்கப்பட்டன. தொடக்கப் பொத்தானை அழுத்தினால் அவை நினைவகத்தில் போய் அமரும். உடனே நாடாவைப் படிக்கத் தொடங்கும். கம்பி இணைப்பு என்பதால் மின்சாரம் நின்றாலும் அழிவதில்லை. சொம்பும் தண்ணீரும் பம்பிலேயே கட்டித் தொங்கவிடப்பட்டாயிற்று!

எல்லாக் கணிப்பொறிகளுக்கும் இந்த வசதி வாய்க்கவில்லை. 1975இல் அமெரிக்காவில் 'ஆல்டேர் 8800' என்ற சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. அதற்காகப் பில் கேட்ஸும் பால் ஆலனும் 'பேசிக்' என்னும் கணிப்பொறி மொழியின் ஒரு வடிவத்தை எழுதினார்கள். அதைக் காட்டுவதற்காகக் காகித நாடாவுடன் ஆல்டேர் நிறுவனம் இருந்த ஆல்புகர்க்கி நகருக்கு ஆலன் விமானத்தில் சென்றார். விமானம் தரையிறங்கும் வேளையில்தான் அவருக்கு உறைத்தது: நாடாவைப் படிக்கச் சொல்லும் தொடக்க ஆணைத்தொடரை இருவருமே எழுதவில்லை! இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு தாளில் அதை இயந்திர மொழியில் எழுதி முடித்தார். ஆல்டேரின் முகப்பில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளி அந்த ஆணைகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினார். பின்னர் நாடா ஓடியது. இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டதற்கு இயந்திரம் 4 என்று அச்சிட்டது. அதுவரை உண்மையான ஆல்டேரை அவர்கள் தொட்டதுகூட இல்லை. அந்தத் துண்டுத் தாள் இல்லையென்றால் நாடாவிலிருந்த அத்தனை உழைப்பும் அன்று வெறும் துளைகளாகவே இருந்திருக்கும்.

446 பைட்டுக்குள் ஒரு வாமனன்

இன்றைய கணிப்பொறிகளில் இந்த வேலைக்கென ஒரு தனிச் சில்லு இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் அதிலுள்ளது அழியாது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யை எடுத்துக்கொள்வோம். அதன் மையச் செயலகமான இன்டெல் 8088, 10,48,576 நினைவக முகவரிகளை அறியும். மின்சாரம் வந்ததும் அது வேறெங்கும் பார்ப்பதில்லை. கடைசியிலிருந்து 16 இடம் முன்னால் இருக்கும் 10,48,560ஆம் முகவரிக்கு நேரே போய், அங்கே எழுதியிருப்பதைச் செய்யும். அப்படித்தான் அதை வார்த்திருக்கிறார்கள். அந்த முகவரியில் காத்திருப்பது 'பயாஸ்' என்னும் நிரந்தர ஆணைத்தொடர். அது உறுப்புகளைச் சோதித்துவிட்டு டிஸ்க்கின் முதல் துண்டை, 512 பைட்டுகளை மட்டும், நினைவகத்துக்குக் கொண்டுவந்து போடும்.

1983 முதல் ஹார்டு டிஸ்க்குகளில் பின்பற்றப்பட்ட முறையில் இந்த 512 பைட்டுகளின் பங்கீடு வேடிக்கையானது. முதல் 446 பைட்டுகள் ஆணைகளுக்கு. அடுத்த 64 பைட்டுகள், டிஸ்க் எத்தனை பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலுக்கு. ஒரு பாகத்துக்கு 16 பைட்டு வீதம் நான்கு பாகங்கள். கடைசி 2 பைட்டுகள் முத்திரை. இரும எண்ணில் அவை 01010101, 10101010. இந்த முத்திரை இல்லையென்றால் 'இதில் எழுப்புவதற்கு எதுவும் இல்லை' என்று பயாஸ் கைவிரித்துவிடும்.

446 பைட்டு என்பது எவ்வளவு இடம்? இன்று பெருவழக்கிலுள்ள யூனிகோடு முறையில் தமிழின் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு ஆகிறது. 'கு' என்று எழுத இரண்டு குறியீடுகள், அதாவது 6 பைட்டு. அந்தக் கணக்கில் ஓர் அஞ்சலட்டையைக்கூட நிரப்ப முடியாது. அவ்வளவு குறுகிய இடத்திலிருந்து புறப்படும் ஆணைகள் தம்மைவிடப் பெரிய ஆணைத்தொடரை அழைத்துவரும். அது அதைவிடப் பெரியதை அழைத்துவரும். இறுதியில் பல ஜிகாபைட் அளவுள்ள விண்டோஸோ லினக்ஸோ எழுந்து நிற்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளது எதுவும் எழாது.

கெட்ட எண்ணம் கொண்டவர்களும் இந்த முதல் கண்ணியைக் கவனித்துவிட்டார்கள். 1986இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ், ஃபிளாப்பி வட்டின் முதல் துண்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கணிப்பொறி எழும் முன்னரே வைரஸ் எழுந்துவிடும்!

பயாஸுக்குப் பதிலாக இப்போது 'யூ.இ.எஃப்.ஐ.' என்ற புதிய முறை வந்துவிட்டது. அதற்கு 512 பைட்டு என்ற நெருக்கடி இல்லை. ஒரு பாகத்திலுள்ள கோப்புகளை அதுவே நேரடியாகப் படித்து, குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடி எடுத்து இயக்கும். ஆனால் எல்லாக் கணிப்பொறிகளிலும் அது நிச்சயமாகப் படிக்கும் என்று நம்பத்தக்க வடிவம் 'ஃபேட்' என்ற பழைய வடிவம்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

85 இலட்சம் நோயாளிகள்

2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் உலகின் பல விமான நிலையங்களில் திரைகள் நீல நிறமாயின. இந்திய விமான நிலையங்களில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். வெளிநாடுகளில் மருத்துவமனைகளும் வங்கிகளும்கூடத் திண்டாடின. என்ன நடந்தது?

கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு ஆணைத்தொடர் ஒன்று, கணிப்பொறி எழும்போதே விண்டோஸுடன் சேர்ந்து எழுவது. வைரஸ் முந்திக்கொள்ளாமல் இருக்க வேண்டுமல்லவா? அன்று அதற்கு அனுப்பப்பட்ட புதிய தகவல் கோப்பில் பிழை இருந்தது. அதைப் படித்தவுடன் விண்டோஸ் நிலைகுலைந்து விழுந்தது. மீண்டும் எழுந்தது, மீண்டும் அதே கோப்பைப் படித்தது, மீண்டும் விழுந்தது. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. பிழையான கோப்பை அந்நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் என்ன பயன்? மாற்றுக் கோப்பை இணையம் வழியாகப் பெற வேண்டுமானால் கணிப்பொறி முதலில் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால்தானே!

ஆகவே மனிதர்கள் ஒவ்வொரு கணிப்பொறியிடமும் நேரில் போக வேண்டியதாயிற்று. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் ஒரு மீட்புக் கருவியை வெளியிட்டது. பெரிய விந்தை ஒன்றும் இல்லை. பென் டிரைவ் ஒன்றிலிருந்து கணிப்பொறியை எழுப்பும் சிறு விண்டோஸ், அவ்வளவுதான். அதைச் செருகினால் கணிப்பொறி பென் டிரைவிலிருந்து எழும். உள்ளிருக்கும் டிஸ்க் அப்போது மயக்க மருந்து கொடுத்த நோயாளியைப்போல அசையாமல் கிடக்கும். பிழைக் கோப்பை அறுத்தெடுத்துவிட்டு, வழக்கம்போல் மறுபடி எழுப்பலாம். தன் உடம்பைத் தானே அறுத்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். அந்த வெளியாள்தான் இந்தப் பென் டிரைவ். ஏறத்தாழ 99 விழுக்காடு கணிப்பொறிகள் மீள ஜூலை 29 வரை ஆயிற்று.

இடையில் இன்னொரு தொல்லை. பல நிறுவனங்களின் டிஸ்க்குகள் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டினால் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. இந்தப் பூட்டு நியாயமானதே. வெளியிலிருந்து எழுப்ப முடிகிறது என்றால், திருடனும் தன் பென் டிரைவைச் செருகி உங்கள் டிஸ்க்கைப் படித்துவிடலாமே! ஆனால் மருத்துவர் வரும்போதும் பூட்டைத் திறந்தாக வேண்டும். அதற்கு 48 இலக்கமுள்ள மீட்பு எண் வேண்டும். அந்த எண்ணை, எழ மறுக்கும் அதே கணிப்பொறிக்குள் எழுதி வைத்திருப்பவரின் கதியை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு ஒன்று

வெளி ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறோமே, போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. புகைப்படங்களின் நகல் அதில் பத்திரமாக இருக்கும். கணிப்பொறியை எழுப்ப அதனால் ஆகாது. நகல் வேறு, எழுப்பும் திறன் வேறு. முத்திரையோ, எழுப்பும் கோப்போ இல்லாத டிஸ்க்கைக் கணிப்பொறி ஏறெடுத்தும் பார்க்காது.

விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் தேடும் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடினால் மீட்பு டிரைவ் செய்யும் கருவி கிடைக்கும். இதற்கு 16 ஜிகாபைட்டாவது உள்ள பென் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். 32 ஆனால் இன்னும் நல்லது. அதற்கு முன் ஒரு பெரும் எச்சரிக்கை: இந்தக் கருவி அந்தப் பென் டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டே வேலையைத் தொடங்கும். வீட்டுத் திருமணப் படங்கள் உள்ள வெளி டிஸ்க்கைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் மீட்பு டிரைவ் கிடைக்கும், படங்கள் போய்விடும். ஆகவே அவ்வேளையில் மற்ற டிஸ்க்குகளை எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள்.

லினக்ஸ் என்றால் அதன் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, அதற்குரிய எழுதும் கருவியால் பென் டிரைவில் எழுத வேண்டும். அந்தக் கோப்பை மற்றக் கோப்புகளைப்போல இழுத்துப் போட்டுவிட்டு 'எழவில்லையே' என்று பலர் திகைக்கிறார்கள். அது பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பது போன்றது. உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் அமர்ந்தால்தான் சங்கிலி தொடங்கும். டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே முழுவதுமாக இயங்கும் லினக்ஸ்கள் உண்டு. ஜெர்மனியில் 2000இல் தோன்றிய 'நாப்பிக்ஸ்' இவ்வகையில் புகழ்பெற்றது. அது முதலில் குறுந்தகட்டில் வந்தது.

ஒரே வெளி டிஸ்க்கில் நகலும் எழுப்பும் திறனும் இருக்கலாகாதா? இருக்கலாம், ஆனால் டிஸ்க் காலியாக இருக்கும்போதே திட்டமிட வேண்டும். அதை இரண்டு பாகங்களாகப் பிரித்து, சிறிய பாகத்தை 'ஃபேட்32' வடிவில் அமைத்து எழுப்பும் கோப்புகளை அதில் வைக்கலாம். பெரிய பாகம் நகல்களுக்கு. ஏன் முழு டிஸ்க்கையும் ஃபேட்32 ஆக்கக்கூடாது? அந்த வடிவத்தில் ஒரு கோப்பின் நீளம் 32 இரும இலக்கங்களில் குறிக்கப்படுவதால், 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு எதுவும் அதில் நுழையாது. முழு டிஸ்க்கின் நகலோ நூற்றுக்கணக்கான ஜிகாபைட் அளவில் ஒரே கோப்பாக வரக்கூடும். எனக்கு என்னவோ, எழுப்புவதற்குத் தனிப் பென் டிரைவும் நகலுக்குத் தனி டிஸ்க்கும் இருப்பதே பிடிக்கிறது. கீழே விழுந்தால் ஒன்றுதான் போகும்.

செய்து முடித்தபின் சோதித்துப் பாருங்கள். பள்ளிக் கணிப்பொறியானால் ஆசிரியரின் அனுமதி பெற்றே செய்யுங்கள். பென் டிரைவைச் செருகிக் கணிப்பொறியை மறுபடி தொடங்கும்போது, எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பட்டியலை வரவழைக்க வேண்டும். சில கணிப்பொறிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது மாறும். உங்களுடையது எது என்று இப்போதே கண்டறிந்துகொள்ளுங்கள். லினக்ஸானால் 'நிறுவு' என்பதைத் தவிர்த்து 'முயன்று பார்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லையேல் உள் டிஸ்க்கில் கைவைத்துவிடும். திரை வந்ததும் உள் டிஸ்க்கைத் திறந்து உங்கள் பாடக் குறிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பூட்டு என்று சொல்லி 48 இலக்க எண்ணைக் கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று அன்றைக்கே தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பென் டிரைவில் செய்த தேதியைச் சிறு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். விண்டோஸ் அவ்வப்போது மாறிக்கொண்டே இருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதிதாகச் செய்துகொள்வது நல்லது.